மோர்மன் இளம் மறைபரப்பாளரின் வார வாழ்க்கை (பிலிப்பீன்சு)

மோர்மன் மறைபரப்பாளர்கள் என்போர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் சார்பில், தம் வாழ்வின் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளைச் சமயப் பணிக்கு ஒதுக்கும் தன்னார்வலர்கள் ஆவர். இவர்களுள் பெரும்பாலானோர் 18 முதல் 25 வயதுக்கு உட்பட்ட திருமணமாகாத இளைஞர்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கருப்புப் பெயர்ப்பட்டை ஆகியவற்றுடன் இருவர் இருவராகத் தெருக்களில் நடந்து செல்வது இவர்களின் பொதுவான அடையாளம். இவர்களின் நாளும் வாரமும் உலகம் முழுவதற்குமான ஒரே விதித்தொகுப்பின்படி வகுக்கப்பட்டவை. அவ்விதிகள் வெப்பமண்டல நாடு ஒன்றில் எவ்வாறு கடைப்பிடிக்கப்படுகின்றன, எங்கெங்கு வளைந்து கொடுத்தன என்பதைப் பிலிப்பீன்சை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

## பெயர்கள்

மோர்மன் என்பது இச்சபையின் மறைநூல்களுள் ஒன்றான மோர்மன் புத்தகத்தின் அடிப்படையில் பிறர் வழங்கிய பெயராகும். இச்சபை 1830 ஏப்ரல் 6 அன்று ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் யோசப் சிமித் என்பவரால் நிறுவப்பட்டது. இதன் தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரில் உள்ளது. மோர்மன் என்ற பெயரைத் தவிர்த்து முழுப் பெயரையே பயன்படுத்துமாறு சபை 2018 முதல் வலியுறுத்தி வருகின்றது. எனினும் பொது வழக்கில் பழைய பெயரே பரவலாக அறியப்பட்டிருப்பதால், இக்கட்டுரையிலும் அது பயன்படுத்தப்படுகின்றது.

பணிக்காலத்தில் ஆண்கள் எல்டர் (மூப்பர்) என்றும் பெண்கள் சிஸ்டர் (சகோதரி) என்றும் குடும்பப் பெயருடன் அழைக்கப்படுவர். இரண்டாண்டுகள் முழுவதும் அவர்களின் முதற்பெயர் ஏறத்தாழப் புழக்கத்திலிருந்தே மறைந்து விடுகின்றது எனலாம்.

## பிலிப்பீன்சில் தொடக்கம்

பிலிப்பீன்சு 1565 முதல் 1898 வரை எசுப்பானிய ஆட்சியிலும், பின்னர் 1946 வரை அமெரிக்க ஆட்சியிலும் இருந்த நாடாகும். 2020 கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் கத்தோலிக்கர். எனவே மோர்மன் மறைபரப்பாளர் இங்கு ஏற்கனவே கிறித்தவராக உள்ளவர்களிடமே பெரும்பாலும் பேச வேண்டியுள்ளது.

1961 ஏப்ரல் 28 அன்று, பிற்காலத்தில் சபையின் தலைவரான கோர்டன் பி. இங்க்லி மணிலாவில் நடத்திய வழிபாட்டுடன் பணி முறையாகத் தொடங்கியது. முதல் நான்கு மறைபரப்பாளர்கள் அவ்வாண்டு சூன் மாதத்தில் வந்து சேர்ந்தனர். 1983 இல் மணிலாவில் பயிற்சி மையமும், 1984 இல் கோயிலும் திறக்கப்பட்டன. இன்று சபையின் பதிவேடுகளின்படி இந்நாட்டில் 8 இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். நாடு இருபதுக்கும் மேற்பட்ட மறைபரப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

## தேர்வும் பயிற்சியும்

எங்கு பணியாற்றுவது என்பதை மறைபரப்பாளர் தாமே தேர்ந்தெடுக்க இயலாது. விண்ணப்பித்தவருக்குத் தலைமையகத்திலிருந்து வரும் அழைப்புக் கடிதமே நாட்டையும் மொழியையும் அறிவிக்கின்றது. பனி பொழியும் மலைநாட்டில் வளர்ந்தவர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள தீவு ஒன்றுக்கு அனுப்பப்படுவது இயல்பானதே.

* ஆண்களுக்குப் பணிக்காலம் 24 மாதங்கள். பெண்களுக்கு 18 மாதங்கள்.
* குறைந்தபட்ச வயது 2012 அக்டோபரில் ஆண்களுக்கு 19 இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21 இலிருந்து 19 ஆகவும் குறைக்கப்பட்டது. 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆக்கப்பட்டது.
* இப்பணிக்கு ஊதியம் இல்லை. ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து செல்வோரின் குடும்பம் மாதம் 400 அமெரிக்க டாலர் செலுத்தி வந்தது. 2020 சூலை முதல் இது 500 டாலர் ஆனது. எந்த நாட்டிற்குச் சென்றாலும் தொகை ஒன்றே. வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தோருக்குச் சபையின் பொது நிதி உதவுகின்றது.

பயிற்சி மையத்தில் சில வாரங்கள் தங்கிச் சமயப் பாடங்களையும் மொழியையும் கற்ற பின்னரே களத்திற்குச் செல்வர். பிலிப்பீன்சில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. அவற்றுள் தகலாகு, செபுவானோ, இலோக்கானோ, இலிகாய்னோன், வாராய் முதலியன மறைபரப்பாளர்கள் பணியாற்றும் முக்கிய மொழிகளாகும். தகலாகு கற்றுச் சென்றவர் செபுவானோ பேசும் ஊரில் புதிதாகத் தொடங்க நேரிடுவதும் உண்டு.

## இணைப் பணியாளர்

மறைபரப்பாளர் ஒருபோதும் தனித்து இருப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு இணைப் பணியாளர் நியமிக்கப்படுவார். குளியலறை போன்ற இடங்கள் தவிர, இருவரும் எப்பொழுதும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. இணையை மண்டலத் தலைவர் தீர்மானிப்பார். வழமையாக ஆறு வாரங்களுக்கு ஒரு முறை இடமாற்ற அறிவிப்பு வரும். அப்போது இணையோ ஊரோ மாறலாம். இணைகள் சில சேர்ந்து வட்டமாகவும், வட்டங்கள் சேர்ந்து வலயமாகவும் அமைகின்றன.

பிலிப்பீன்சில் பணியாற்றுவோரில் கணிசமானோர் பிலிப்பினோக்களே. வெளிநாட்டவர் ஒருவரும் உள்நாட்டவர் ஒருவரும் இணையாவது இங்கு வழமை. அட்டவணையில் இல்லாத பாடங்களை வெளிநாட்டவர் இந்த இணையிடமே கற்கின்றார். வாளித் தண்ணீரைத் தாபோ எனப்படும் கைப்பிடிக் குவளையால் மொண்டு குளிப்பது, துணிகளைக் கையால் துவைப்பது, சீப்னியில் பின்னிருந்து காசை ஒவ்வொருவர் கையாக ஓட்டுநருக்கு அனுப்புவது, பெரியவர்களிடம் பேசும்போது 'போ' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்ப்பது ஆகியன இவற்றுள் சில.

## நாள்

2004 இல் வெளியான பணிக் கையேட்டின்படி நாள் பின்வருமாறு வகுக்கப்பட்டிருந்தது.

* காலை 6:30 – எழுதல், வேண்டுதல், உடற்பயிற்சி
* காலை 7:00 – குளியல், உணவு
* காலை 8:00 – தனிப் படிப்பு
* காலை 9:00 – இணையுடன் படிப்பு
* காலை 10:00 – வெளிப்பணி தொடக்கம் (மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் தலா ஒரு மணி நேரம்)
* இரவு 9:00 – வீடு திரும்பி மறுநாளைத் திட்டமிடல்
* இரவு 10:30 – உறக்கம்

புதிய மொழி கற்போர் இவற்றுடன் 30 முதல் 60 நிமிடங்கள் மொழிப் பயிற்சியும் செய்ய வேண்டும். அட்டவணையின்படி வெளிப்பணி தொடங்கும் காலை 10 மணி, வெப்பமண்டலத்தில் வெயில் ஏறத் தொடங்கிவிட்ட நேரமாகும். வீடு வீடாகச் செல்லும் பணி கடும் வெயில் நேரத்திலேயே அமைகின்றது. நண்பகலில் ஊரே நிழலில் ஒதுங்கிவிடும். சந்திக்க வேண்டியவர்கள் மாலையில்தான் வீட்டில் இருப்பர். 2017 இல் இந்த அட்டவணை தளர்த்தப்பட்டது. உள்ளூர்ச் சூழலுக்கேற்ப நேரங்களை மாற்றியமைக்க மண்டலத் தலைவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. மறுநாளைத் திட்டமிடும் வேலை, களைத்துத் திரும்பும் இரவிலிருந்து காலைக்கு மாற்றப்பட்டது.

பிலிப்பீன்சில் கதவைத் தட்டுவதை விட வாசலில் நின்று குரல் கொடுப்பதே மரபு. தகலாகு மொழியில் 'தாவோ போ' என்பர். 'தாவோ' என்றால் மனிதர்; 'ஆள் வந்திருக்கிறேன், ஐயா' என்பது போன்ற பொருள் தரும். விருந்தோம்பல் மிகுந்த சமூகம் ஆதலால், சமயத்தில் ஆர்வமில்லாத வீட்டினரும் அமரச் சொல்லி உண்ணக் கொடுப்பர். அன்புடன் வரவேற்கப்படுவதையும் செய்தி ஏற்கப்படுவதையும் வேறுபடுத்தி அறிவது புதியவருக்குக் கடினமான ஒன்று.

## வாரம்

### திங்கள்: ஆயத்த நாள்

பல மண்டலங்களில் திங்கட்கிழமை ஆயத்த நாள் ஆகும். மாலை 6 மணி வரை துணி துவைத்தல், வீட்டைத் துப்புரவு செய்தல், முடி வெட்டுதல், சந்தைக்குச் செல்லல், வீட்டிற்குக் கடிதம் எழுதுதல் ஆகிய அனைத்தும் இந்நாளிலேயே முடிக்கப்பட வேண்டும். மழைக்காலத்தில் திங்களன்று துவைத்த சட்டை புதன் வரை காயாமல் இருப்பதும், தோற்காலணியில் பூஞ்சணம் பிடிப்பதும் சாதாரணம். விளையாட்டுக்கும் ஊர் சுற்றிப் பார்க்கவும் அனுமதி உண்டு. நீந்துவதற்கு அனுமதி இல்லை. 7,641 தீவுகள் கொண்ட நாட்டில் இரண்டாண்டுகள் வாழ்ந்தும் கடலில் இறங்காமலேயே திரும்புகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. தொலைக்காட்சி, திரைப்படம், காதல் ஆகியனவும் பணிக்காலம் முழுவதும் விலக்கப்பட்டவை.

### செவ்வாய் முதல் சனி வரை

இவை வெளிப்பணி நாட்கள். புதியவர்களைத் தேடுதல், ஆர்வம் காட்டியோருக்குப் பாடம் நடத்துதல், வழிபாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்ட உறுப்பினர்களைச் சந்தித்தல் ஆகியவற்றுடன், கட்டணமின்றி ஆங்கிலம் கற்பித்தல், வீடு கட்ட உதவுதல் முதலிய சமூகப் பணிகளும் அடங்கும். வாரத்தில் ஒரு முறை வட்டக் கூட்டம் நடைபெறும். 2004 கையேட்டின்படி வியாழன் அல்லது வெள்ளியன்று இணையர் இருவரும் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் அமர்ந்து அடுத்த வாரத்தைத் திட்டமிட வேண்டும். எத்தனை பாடங்கள் நடத்தப்பட்டன, எத்தனை பேர் வழிபாட்டுக்கு வந்தனர் போன்ற எண்ணிக்கைகள் வாரந்தோறும் மேலிடத்திற்கு அறிவிக்கப்படும்.

### ஞாயிறு

வழிபாட்டு நாள். 2018 இறுதி வரை மூன்று மணி நேரமாக இருந்த ஞாயிறு கூட்டங்கள் 2019 சனவரி முதல் இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டன. திருவிருந்தில் அப்பமும், திராட்சை மதுவுக்குப் பதிலாகத் தண்ணீரும் வழங்கப்படும். மாதத்தின் முதல் ஞாயிறு நோன்பு நாள். இரு வேளை உணவும் நீரும் தவிர்க்கப்படும். பாடம் கேட்டவர் வழிபாட்டுக்கு வந்தாரா என்பதே பல மறைபரப்பாளருக்கு வாரத்தின் பலனைக் காட்டும் அளவுகோலாக அமைகின்றது. வழிபாடு முடிந்ததும் மாலையில் மீண்டும் வெளிப்பணி தொடரும்.

## உணவு

மூன்று வேளையும் சோறு என்பது பிலிப்பீன்சின் பொது வழக்கம். காடியும் சோயாச் சாறும் பூண்டும் சேர்த்துச் சமைக்கும் அதோபோ, புளி சேர்த்த சாறான சினிகாங், கருவாடு ஆகியன மறைபரப்பாளர் அடிக்கடி உண்பவை. கரு வளர்ந்த வாத்து முட்டையை அவித்த பாலூட், புதிதாக வரும் வெளிநாட்டவருக்கு ஒரு சோதனை போலவே அமைகின்றது. குடிநீரைச் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரிய குடுவைகளில் வாங்குவர். மது, புகையிலை, காப்பி, தேநீர் ஆகியன இச்சபையில் விலக்கப்பட்டவை. ஒரே கோப்பையைச் சுற்றிக் கொடுத்து மது அருந்தும் வழக்கம் உள்ள தெருக்களில், மனம் நோகாதவாறு மறுப்பதும் கற்க வேண்டிய ஒன்றாகிறது.

## தட்பவெப்பமும் உடல்நலமும்

பிலிப்பீன்சின் சமவெளிகளில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 26.6 பாகை செல்சியசு. மார்ச்சு முதல் மே வரை வெப்பம் மிகுந்த காலம். சூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம். காற்றின் ஈரப்பதம் மார்ச்சில் 71 விழுக்காடாகவும் செப்டம்பரில் 85 விழுக்காடாகவும் உள்ளது. வியர்வை ஆவியாகாத இத்தகைய ஈரப்பதத்தில், வெப்பமானி காட்டுவதை விட உடல் உணரும் வெப்பம் அதிகம்.

நோய்களுள் டெங்குக் காய்ச்சல் முதன்மையானது. இதைப் பரப்பும் ஏடிசு கொசு பகலில் கடிப்பது. அதிகாலையிலும் பொழுது சாயும் முன்னும் கடி மிகுதி. மறைபரப்பாளர் அதிகம் நடமாடும் மாலை நேரமும் இதுவே. வெள்ளநீரில் நடப்பதால் எலிக்காய்ச்சலும், அசுத்த நீரால் குடற்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் ஏற்படலாம்.

கொசு, உலகளாவிய உடை விதி ஒன்றையே மாற்றியது. பெண் மறைபரப்பாளர்கள் பாவாடை அல்லது முழு அங்கியே அணிய வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2018 திசம்பரில் அவர்கள் காற்சட்டை அணிய உலகம் முழுவதும் அனுமதிக்கப்பட்டனர். கொசுவால் பரவும் நோய்களிலிருந்து பாதுகாப்பதும், குளிர்நாடுகளில் கால்களைக் காப்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஞாயிறு வழிபாடு, கோயில் முதலியவற்றுக்குப் பழைய உடையே தொடர்ந்தது. 2020 இல் ஆண்களுக்கு வெளிர் நீலச் சட்டையும், சில பகுதிகளில் கழுத்துப்பட்டையின்றிச் செல்வதும் ஏற்கப்பட்டன.

## புயல்

ஆண்டுதோறும் சராசரியாக 20 வெப்பமண்டலப் புயல்கள் பிலிப்பீன்சுப் பகுதிக்குள் நுழைகின்றன. அவற்றுள் எட்டு அல்லது ஒன்பது கரையைக் கடக்கின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் வார அட்டவணை நின்று விடும். உணவும் நீரும் சேர்த்து வைத்து, வீட்டிலோ பாதுகாப்பான கட்டடத்திலோ தங்க வேண்டும்.

2013 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை அன்று ஐயான் (உள்நாட்டுப் பெயர் யோலாந்தா) என்ற பெரும்புயல் தாக்கியது. தக்லோபான் நகரைக் கடல் பொங்கிச் சூழ்ந்தது. அரசின் கணக்கின்படி 6,300 பேர் உயிரிழந்தனர். அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மண்டலத்தில் அப்போது இருநூற்றுக்கும் மேற்பட்ட மறைபரப்பாளர்கள் இருந்தனர். ஒரு வீட்டில் தங்கியிருந்த சகோதரிகள் சிலர், நீர் உயர்ந்தபோது கூரைக்கு ஏறி உயிர் தப்பினர். தொலைத்தொடர்பு அறுந்து போனதால், அனைவரும் உயிருடன் இருப்பதை உறுதி செய்யச் சில நாட்கள் பிடித்தன. பிள்ளைகளிடமிருந்து வாரம் ஒரு மின்னஞ்சலை மட்டுமே எதிர்பார்த்துப் பழகியிருந்த பெற்றோர், அந்த நாட்களைச் செய்தி ஏதுமின்றிக் கழித்தனர். பின்னர் மறைபரப்பாளர்கள் மணிலாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு வேறு மண்டலங்களில் அமர்த்தப்பட்டனர்.

## வீட்டுடன் தொடர்பு

நெடுங்காலம் கடிதமே ஒரே தொடர்பாக இருந்தது. 2000களில் ஆயத்த நாளில் இணைய மையங்களுக்குச் சென்று குடும்பத்தாருக்கு மின்னஞ்சல் அனுப்புவது வழக்கமாயிற்று. பிலிப்பீன்சில் ஒரு பெசோ நாணயம் இட்டால் சில நிமிடங்கள் இயங்கும் கணினிகள் தெருக்கடைகளில் இருந்தன. ஒரு வாரத்தை அந்த நிமிடங்களுக்குள் எழுதி முடிக்க வேண்டும். தொலைபேசியில் பேசுவது நத்தாருக்கும் அன்னையர் நாளுக்கும் என ஆண்டுக்கு இரு முறை மட்டுமே. 2019 பெப்ரவரி 15 அன்று இவ்விதி மாற்றப்பட்டு, வாரந்தோறும் ஆயத்த நாளில் குடும்பத்தாருடன் பேசவும் காணொளியில் காணவும் அனுமதி வழங்கப்பட்டது.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் லூசோன் தீவு முடக்கப்பட்டபோது, ஆயிரத்திற்கும் மேற்பட்ட வெளிநாட்டு மறைபரப்பாளர்கள் தனி வானூர்திகளில் தம் நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். பல இணைகள் விடைபெறப் போதிய நேரமின்றிப் பிரிந்தன. அதன்பின் பணியைத் தொடர்ந்தவர்கள் பிலிப்பினோ இளைஞர்களே. வீடு வீடாகச் செல்ல இயலாத நிலையில் தொலைபேசி வழியாகவும் இணையம் வழியாகவும் பாடம் நடத்தப்பட்டது.

## விமர்சனங்கள்

* மனநலம்: பதின்ம வயது முடியாத ஒருவர் குடும்பம், நண்பர், தனிமை ஆகிய மூன்றையும் ஒருசேர இழப்பது பெரும் அழுத்தம் தரும் என்பது பரவலான விமர்சனம். பணிக்காலம் முடியும் முன் திரும்புவோர் தம் சமூகத்தில் தோல்வியுற்றவராகக் கருதப்படும் நிலையும் சுட்டிக்காட்டப்படுகின்றது. மன அழுத்தத்தைக் கையாள்வது குறித்துச் சபை 2013 இல் தனிக் கையேடு ஒன்றை வெளியிட்டது.
* எண்ணிக்கை: வாராந்தர இலக்குகள் விரைவான திருமுழுக்குகளை ஊக்குவிக்கும் என்றும், சேர்ந்தோர் நிலைப்பதில்லை என்றும் கூறப்படுகின்றது. பிலிப்பீன்சில் பதிவேட்டில் உள்ளோரை விட வழிபாட்டுக்கு வருவோர் மிகக் குறைவு. சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவரான டாலின் எச். ஓக்சு 2002 முதல் 2004 வரை இந்நாட்டிலேயே தங்கி, சேர்ந்தவர்களை நிலைநிறுத்துவதற்கு முதன்மை அளித்தார்.
* சமயத் தலையீடு: ஏற்கனவே கிறித்தவராக உள்ளோரை வேறு சபைக்கு அழைப்பதைப் பிற திருச்சபையினர் சிலர் ஏற்பதில்லை. பிலிப்பீன்சின் அரசியலமைப்பு சமயச் சுதந்திரத்தை உறுதி செய்வதால், இப்பணிக்குச் சட்டத்தடை இல்லை.

## பின்விளைவுகள்

பணி முடித்துத் திரும்பும் வெளிநாட்டவர் பலர் தகலாகு, செபுவானோ போன்ற மொழிகளைச் சரளமாகப் பேசுவர். தம் நாட்டுக் கல்லூரிகளில் கற்க வாய்ப்பரிதான இம்மொழிகளை, அவர்கள் வாசல்களில் நின்று பேசியே கற்றவர்கள். பிலிப்பினோ மறைபரப்பாளர்களுக்கோ இப்பணி ஆங்கிலப் பழக்கத்தையும், தம் மாநிலத்திற்கு வெளியே வாழ்ந்த பட்டறிவையும் தருகின்றது.

ஒரே அட்டவணை எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் என்ற எண்ணத்துடன் தொடங்கிய இந்த வாழ்க்கைமுறை, 2017 முதல் 2020 வரையான சில ஆண்டுகளில் நேரம், உடை, வீட்டுடன் தொடர்பு ஆகிய மூன்றிலும் நெகிழ்ந்துள்ளது. இணையாக வாழ்தல், வாரத்தின் ஆறு நாட்களைப் பணிக்கு ஒதுக்குதல், அழைப்பு வந்த இடத்திற்குச் செல்லுதல் ஆகிய அடிப்படைகள் மட்டும் மாறாமல் தொடர்கின்றன.